ஏழாவது இடத்தில் இருந்த ஃபைல்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பல்லி விழுந்தால் பயம், போன் அடித்தால் பயம், லோக்கல் ரயில் சிக்னலில் இரண்டு நிமிஷம் நின்றால் பயம். ஆனால் இந்தப் பயம்தான் எனக்கு இத்தனை வருஷம் சோறு போட்டது. "இது எப்போது உடையும், எப்படி உடையும்" என்று எந்நேரமும் பயந்துகொண்டிருக்கிற ஆளைத்தான் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் டெஸ்டர் என்று பெயர் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து ஷாலினி என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவள், முகம் பார்த்ததில்லை. "மேடம், நம்ம பழைய டெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கைத் தூக்கிட்டுப் புதுசு போடறோம். பழசுல உங்க பேர்ல ஒரு விதி இருக்கு. அதை மட்டும் புதுசுலயும் வெச்சுக்கறோம். அந்த ஐடியா உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு ஆபீஸ் பத்திரிகைக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்."

விதி சின்னதுதான். டெஸ்ட் ஓடுவதற்கு வேண்டிய யூசர் நேம், பாஸ்வேர்ட் எல்லாம் ஒரே ஒரு ஃபைலில்தான் இருக்க வேண்டும். அந்த ஃபைல் இல்லாவிட்டால் ஓட்டம் அங்கேயே நிற்க வேண்டும். அவ்வளவுதான். இதற்காக எனக்கு ஒருமுறை சால்வை கூடப் போர்த்தியிருக்கிறார்கள். போர்த்தும்போது கை கால் உதறியது. கூச்சம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

நான் வேலை கற்ற கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. திருத்தணியில் டைப்ரைட்டிங், அரக்கோணத்தில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ், தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் இந்தக் கம்பெனி. காலை லோக்கலில் ஏறி, மாலை லோக்கலில் திரும்புவேன். முதல் வருஷம் முழுக்கப் பட்டனை அமுக்கி, வந்ததைப் பார்த்து, தப்பைச் சிவப்புப் பேனாவில் சுழித்தேன். பிறகு, மனிதர் அமுக்குவதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டரே தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. அதைத்தான் ஃப்ரேம்வொர்க் என்போம். எங்கள் கம்பெனியின் ஃப்ரேம்வொர்க்கில் பாதியை எழுதியவள் நான்.

அதில் நான் செய்த தப்பு எங்கள் வீட்டில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. அதனால் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டு ஆண்கள் பரம்பரையாகத் திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவர்கள். வீட்டில் எந்தச் சாமானையும் "இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் லட்சுமி வெளியே போய்விடுவாள். அரிசி தீர்ந்துபோனால் "அரிசி நிறைஞ்சிருக்கு" என்று சொல்ல வேண்டும். புரிந்துகொண்டு யாராவது கடைக்கு ஓடுவார்கள். மடைப்பள்ளியில் இன்னும் கடுமை. வெல்லம் குறைந்தால் உள் அலமாரியில் பார்ப்பார்கள், அங்கே காணாவிட்டால் பரணில், அதுவும் போனால் பெரியப்பா வீட்டில். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். நைவேத்தியம் நேரத்துக்குப் போக வேண்டும், அதுதான் முக்கியம். எட்டு வயதில் ஒருநாள் நான், "அப்பா, உப்பு இல்லை" என்று கத்திவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. "போய் வாயை அலம்பிண்டு வா" என்றார். மூன்று தரம் அலம்ப வைத்தார்.

ஃப்ரேம்வொர்க் எழுதும்போது அந்த அலம்பிய வாய்தான் வேலை செய்தது. ஒவ்வொரு டெஸ்டுக்கும் மூன்று வரி வேண்டும்: எந்த மெஷினுக்குள் போக வேண்டும், எந்தப் பெயரில், என்ன பாஸ்வேர்டில். அந்த மூன்று வரி உரிய ஃபைலில் இல்லையென்றால் என்ன செய்வது? "இல்லை என்று சொல்லி நின்றுவிடு" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்த ஃபோல்டரில் தேடு, அங்கே காணாவிட்டால் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் தேடு என்று எழுதிக்கொண்டே போனேன். மொத்தம் ஏழு இடங்கள். ஏழாவது இடம், அந்தக் கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் பெயரில் உள்ள ஃபோல்டர். எங்கே முதலில் கிடைக்கிறதோ, அதை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் ஓடும்.

எங்கள் மேனேஜர் கஸ்தூரி மேடம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவர் மேஜையில் எப்போதும் சீவிய பென்சில் இரண்டும் ஒரு நீள நோட்டும் இருக்கும். முக்கியமான விஷயம் என்றால் ஒரே ஒரு கேள்வி கேட்பார். நாம் சொல்கிற பதிலை அப்படியே பென்சிலால் எழுதுவார். பிறகு நோட்டை நம் பக்கம் திருப்பி வைத்து, "நான் கேட்டது இது. நீ சொன்னது இது. சரியா?" என்பார். படித்துப் பார்த்து முதலெழுத்தைப் போட வேண்டும்.

இந்த ஏழு இடத்தைக் காட்டியபோதும் கேட்டார். "ஒரு பாஸ்வேர்டை ஏழு இடத்துலயாம்மா தேடும்? கெடைக்கலன்னா நின்னுடலாமே?"

"நின்னுட்டா அன்னிக்கு வேலை கெட்டுடும் மேடம்."

எழுதினார், திருப்பினார். வள்ளி என்ற என் பெயருக்கு "வ" என்று போட்டேன்.

அப்போது எங்களிடம் இருந்த பெரிய வேலை ஒரு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவுக்கானது. சிறுநீரகம் போனவர்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். யாருக்கு எந்த நாள், எந்த நேரம், எந்தக் கட்டில் என்கிற லிஸ்டை எங்கள் சாஃப்ட்வேர்தான் வைத்திருந்தது. ஒருமுறை தவறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் டெஸ்ட் என்ன செய்யும் என்றால், பொய் நோயாளிகளைப் பதிவு செய்யும், நேரம் மாற்றும், எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும். கடைசியில் மறுநாள் லிஸ்டை மொத்தமாகத் துடைத்துவிடும். அடுத்த ஓட்டத்துக்கு இடம் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். டெஸ்ட் மெஷினில் இருந்தவர்கள் எல்லாம் நாங்கள் பெயர் வைத்தவர்கள், துடைத்தால் யாருக்கு என்ன?

ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் நிஜ லிஸ்டில் ஏதோ கோளாறு. அவர்களே போனில் பாஸ்வேர்ட் சொல்லி, பார்க்கச் சொன்னார்கள். அந்த மூன்று வரியை என் பெயர் ஃபோல்டரில் ஒரு ஃபைலில் எழுதி வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷ வேலை. திங்கட்கிழமை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஆடிக் கிருத்திகை. ஊரே காவடிக் கூட்டத்தில் அடைத்துக் கிடக்கும், எங்கள் வீட்டில் உறவுக்காரர்கள் முப்பது பேர். மூன்று நாள் லீவு போட்டேன். திரும்பி வந்தபோது ஃபைல் நினைவில் இல்லை.

தனசேகர் என்று ஒரு பையன் எங்கள் குழுவில் இருந்தான். பையன் என்கிறேனே தவிர இருபத்தேழு வயசு. பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர் வீடு. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அவன் நைனா லுங்கி நெய்து படிக்க வைத்தவர். மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கெல்லாம் சொல்வாராம். தனசேகர் பஸ்ஸில் திருத்தணி வந்து நான் ஏறுகிற அதே லோக்கலில் ஏறுவான். எனக்கு இடம் பிடித்து வைப்பான், என் டிபன் டப்பாவில் பாதி புளியோதரையை அவனே காலி செய்வான்.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அவன் கம்ப்யூட்டர் ரிப்பேரில் இருந்தது. நான் சாப்பிடப் போன நேரம் என் சீட்டில் உட்கார்ந்து டயாலிசிஸ் டெஸ்டை ஓட்டினான். நான் திரும்பி வந்தபோது, "எல்லாம் பாஸ் அக்கா. ஒண்ணு கூட சிவப்பு இல்ல" என்றான். எனக்கும் சந்தோஷம்.

மாலை லோக்கலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கடம்பத்தூர் தாண்டியது. வேர்க்கடலை தின்றுகொண்டே கேட்டான்.

"அக்கா, ஒரு டவுட்டு. பழைய ஃபைலையெல்லாம் அழிக்கச் சொன்னாங்களே மேடம், அதுல டெஸ்ட் மெஷின் பாஸ்வேர்ட் ஃபைலும் நேத்தே போயிடுச்சி. காப்பின்னு நெனச்சி அழிச்சிட்டேன். இன்னிக்கு எப்டி பாஸ் ஆச்சி? எங்கேர்ந்து எடுத்துச்சி?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏழு இடமும் ஒன்றன் பின் ஒன்றாக மனதில் ஓடி, ஏழாவதில் போய் நின்றது. ஈரக்குலை நடுங்கியது என்பார்களே, அது சும்மா வார்த்தை இல்லை. உள்ளே நிஜமாகவே ஏதோ கழன்று ஆடுகிறது.

"இன்னாக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சி?"

"தனா, ஆஸ்பத்திரி மெஷின்ல ஓடியிருக்குமோ?"

கடலைப் பொட்டலம் அவன் கையிலிருந்து விழுந்தது. அவனும் டெஸ்டர்தானே. கடைசியில் என்ன துடைக்கப்படும் என்று அவனுக்கும் தெரியும்.

அப்போது எங்கள் இருவரிடமும் செல்போன் கிடையாது. மணவூரில் இறங்கினோம். என் வாழ்நாளில் அந்த ஸ்டேஷனில் இறங்கியது அந்த ஒரு தடவைதான். பிளாட்பாரத்தில் ஓடினோம். செருப்பு வார் அறுந்து, ஒற்றைக் காலில் செருப்போடு எஸ்டிடி பூத் வரை ஓடினேன். உள்ளே ஒருவர் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார். ஜாதகம், நட்சத்திரம், தோஷம் என்று போய்க்கொண்டே இருந்தது. தனசேகர் கண்ணாடியைத் தட்டினான். "உசுரு போற விஷயங்க, கொஞ்சம் வுடுங்க!" அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரிசீவரை வைத்தார்.

டயாலிசிஸ் பிரிவில் ஒரு நர்ஸ் எடுத்தாள். நாளைய லிஸ்டைப் பார்க்கச் சொன்னேன். "இப்பதாம்மா பிரிண்ட் போட்டேன். வெத்துக் காயிதமா வருது. நாளைக்கு யாருமே இல்ல. லீவு வுட்டுட்டாங்களா?" என்றாள்.

பூத் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். தனசேகர்தான் கஸ்தூரி மேடம் வீட்டுக்குப் போன் போட்டான். "மேடம், நான்தான் ஓட்டினேன். ஆஸ்பத்திரி லிஸ்ட் போயிடுச்சி. ஆங் மேடம். ஆங்." சாக்குப்போக்கு ஒன்று கூடச் சொல்லவில்லை. மேடம் ஆட்களை அனுப்பி, அன்று விடியற்காலை எடுத்து வைத்திருந்த காப்பியிலிருந்து லிஸ்டைத் திரும்பப் போட வைத்தார். அடுத்த லோக்கலில் வீடு வந்து சேர்ந்தேன். அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக என் ஃபோல்டரில் இருந்த அந்த ஃபைலை அழித்தேன். பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. தோளில் தொங்கிக்கொண்டே இருந்தது.

லிஸ்ட் திரும்பி வந்துவிட்டது, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் காப்பி விடியற்காலை எடுத்தது. அதற்குப் பிறகு காலையில் சேர்த்த ஒரு பெயர் அதில் இல்லை. அரக்கோணம் பக்கத்து விவசாயி ஒருவர். முதல் லோக்கல் பிடித்து வந்திருக்கிறார். லிஸ்டில் பெயர் இல்லை, நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போனவருக்கு மத்தியானம் மூச்சு முட்டி, காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்று மணிக்கு எங்களுக்குச் செய்தி வந்தது: ஐசியூவில் இருக்கிறார், பிழைப்பது கஷ்டம்.

மேடம் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். நோட்டு திறந்திருந்தது.

"அந்த பாஸ்வேர்ட் நம்மள்ல நாலு பேருக்குத் தெரியும். உங்க ரெண்டு பேரையும் சேத்து" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "வள்ளி, ஓடினது உன் மெஷின். அந்த பாஸ்வேர்ட் அதுல எங்கயாவது எழுதி வெச்சிருந்தியா?"

அந்த ஒரு நொடியில் என்னென்ன ஓடியது என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அந்த மனிதர் செத்துப்போவார். போலீஸ் வரும். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். ஆளைக் கொன்றவளின் அப்பா மடைப்பள்ளிக்குள் எப்படிப் போவார்?

"இல்ல மேடம்."

எட்டு வயதுக்குப் பிறகு அந்தச் சொல்லை அவ்வளவு தெளிவாக நான் சொன்னதே இல்லை. பென்சில் ஓடியது. நோட்டு திரும்பியது. "நான் கேட்டது இது. நீ சொன்னது இது. சரியா?" "வ" என்று போட்டேன்.

அடுத்து தனசேகர். "ஓட்டும்போது அந்த பாஸ்வேர்டை நீ போட்டியா?"

அவன் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பாவம், மிரண்டு போயிருக்கிறான் என்று அப்போது நினைத்தேன். "நான் போடல மேடம்" என்றான்.

"அப்ப எங்கேர்ந்து வந்துச்சு?"

"சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல மேடம்."

அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. பாஸ்வேர்டைக் கையால் டைப் அடித்துவிட்டு மறைக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். அந்த வாரமே ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவர் ஐந்தாம் நாள் கண் விழித்தார், வீடு திரும்பினார். அந்த ஐந்து நாளும் நான் தின்றதெல்லாம் வாந்தியாகத்தான் வெளியே வந்தது. போன் மணி அடித்தால் பாத்ரூமுக்கு ஓடினேன். அவர் பிழைத்தார் என்று கேட்டதும் மலையேறிப் போய் முருகன் முன்னால் விழுந்து அழுதேன். உண்மையைச் சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதையும் விபூதியோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

பிறகுதான் உட்கார்ந்து அந்த ஃப்ரேம்வொர்க்கைத் திருத்தினேன். ஆறு இடங்களை வெட்டி எறிந்தேன். ஒரே ஃபைல், டெஸ்ட் மெஷினுக்கு மட்டும். அது காணவில்லை என்றால் எந்த ஃபைல் வேண்டும், எங்கே இருக்க வேண்டும் என்று சிவப்பில் சொல்லிவிட்டு நின்றுவிடும். எண்ணூறு வரி நூற்றுச் சொச்சமாகச் சுருங்கியது. புதிதாக வருகிறவர்கள் கால் மணி நேரத்தில் புரிந்துகொண்டார்கள். சால்வை போர்த்தினார்கள். கஸ்தூரி மேடம் மட்டும் கைதட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்குமோ என்ற பயத்திலேயே அவர் ஓய்வு பெறும் வரை அவர் அறைக்குள் தனியாகப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது எனக்காகவே சொல்லி வைத்தது. சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குள் நான் கால் வைப்பதில்லை. பொதட்டூர்பேட்டை பஸ் நிற்கும் இடம் அது. திருப்பதி போக வேண்டுமென்றால் கூட, பைபாஸில் வெயிலில் நின்று ஏறினேன்.

ஓய்வு பெற்ற வருஷம், மார்க்கெட்டில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"வள்ளி அக்காதானே?"

தலை நரைத்திருந்தது. தோளில் லுங்கிக் கட்டு. வீட்டிலேயே தறி போட்டிருப்பதாகவும், பெண் பத்தாவது படிப்பதாகவும் சொன்னான். என் முழங்காலை விசாரித்தான். "புளியோதரை இன்னும் அதே கைப்பக்குவந்தானா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"தனா, அந்த ஃபைல்..."

"தெரியும்க்கா."

வாழைக்காய் கையிலிருந்து நழுவியது. அவன் குனிந்து எடுத்துக் கூடையில் போட்டான்.

"மறுநாளு காலைல மொத லோக்கல்ல வந்துட்டேன். உங்க மெஷின்ல தேடிப் பாத்தேன். உங்க பேர் ஃபோல்டர்ல இருந்துச்சி. அப்புறம் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பாத்தா ஃபைலைக் காணோம்."

"ஏண்டா சொல்லல? மேடம் கேட்டாங்களே, ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்துகினு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னான்.

"இப்ப எழுதிக் குடுத்துடறேன் தனா. யார்கிட்ட வேணும்னாலும் சொல்றேன். உங்க வீட்டுக்கே வந்து சொல்றேன்."

"யாராண்ட சொல்வீங்க? எங்க நைனா போய் நாலு வருசம் ஆச்சி. அவர்தான் கடைசி மட்டும் கேட்டுகினே இருந்தாரு. 'இன்னாடா தப்பு பண்ண, ஒரு உசுரு போவப் பாத்துச்சாமே'ன்னு. நான் பண்ணல நைனான்னு சொன்னா, அப்ப யாரு பண்ணாங்கன்னுவாரு. அதுக்கு நான் இன்னா சொல்றது?" லுங்கிக் கட்டைத் தோள் மாற்றிக்கொண்டான். "பஸ் வந்துடும். வர்றேங்க்கா."

ஷாலினி, நீ கேட்டது ஐடியா எப்படி வந்தது என்று. இப்படித்தான் வந்தது. போட்டால் முழுதாகப் போடு, ஒரு வரி வெட்டினாலும் போட வேண்டாம். தனசேகர் என்ற பெயரை வெட்டவே வெட்டாதே. இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். கஸ்தூரி மேடம் இப்போது உயிரோடு இல்லை. அந்த நோட்டு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அதில் திருத்த வேண்டிய ஒரு வரியை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேட்டது: அந்த பாஸ்வேர்ட் உன் மெஷினில் எங்கேயாவது எழுதி வைத்திருந்தாயா?

சொன்னது: ஆமாம் மேடம். அந்த ஃபைல் என்னுடையது. தனசேகர் மேல் ஒரு தப்பும் இல்லை.

சரி.

வ.